மூன்றாம் சேதி

சலவை ஆலையின் வாயிலில் திரண்டிருக்கும் உழைப்பாளிகளே! இரவுப் பணி முடித்து, வெந்த விரல்களோடு வெளியே வந்தவர்களே! காலைப் பணிக்கு உள்ளே போகக் காத்திருப்பவர்களே! சற்றே நில்லுங்கள்.

ஒரு பெண்ணின் வலக்கையிலிருந்து நான்கு விரல்களை இந்த ஆலை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டபின், அது அவளே செய்த பிழை என்று அறிக்கையும் எழுதிவிட்டது. சாட்சி யார்? அவளுடைய கையே சாட்சி என்கிறார்கள்! இன்று பத்து மணிக்கு உள்ளே விசாரணை. அதற்குமுன் உங்கள் முன்னிலையில் சில கடிதங்களைப் படிக்கப் போகிறேன்.

ஒரு பாதியை எழுதியவள் என் தங்கை. இதே ஆலையின் இரண்டாம் மடிப்புக்கூடத்தில் வேலை செய்துவந்தவள். மறுபாதியை எழுதியவன் நான். தொலைவில், சங்கத் தலைமையகத்தில் இருந்தவன். எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும் ஆலையின் செயலி உங்கள் கைப்பேசிகளில் குடியேறிய நாள்முதல் அண்ணனும் தங்கையும் தாளில்தான் பேசிக்கொள்கிறோம். படிக்கச் சொன்னவள் அவளே. எனக்கு இழுக்குத் தரும் வரிகளையும் விடாமல் படிக்கிறேன்.

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் தொண்டை தேறியதா? கூட்டத்தில் முழங்கிவிட்டு வெந்நீர்கூடக் குடிக்காமல் படுப்பவன் நீ.

ஆலையோடு நீ கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கையுறைகள் வந்துவிட்டன. கறுப்பு நிறம், விரல்நுனி ஒவ்வொன்றிலும் மிளகளவு ஒரு பொத்தான். மூன்று மாதம் இவற்றை மாட்டிக்கொண்டு வேலை செய்தால், நம் கை செய்வதையெல்லாம் அவை மனப்பாடம் செய்துகொள்ளுமாம். பிறகு இயந்திரக் கை ஒன்று வந்து நம்மோடு நிற்குமாம். ஒருவரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டார்கள் என்று நீ சொன்னதை நம்பி எல்லோரும் மாட்டிக்கொண்டோம். இன்னும் வந்து சேராத அந்தக் கைக்கு என் இணையாள் பெயரே வைத்துவிட்டாள்.

"வீட்டோட மாப்பிள்ளைடி அது! ஒரு துரும்பத் தூக்காது, ஆனா வந்தா நாம எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்."

இணையாள் என்றால் வாயாடி அக்கா. கூடமே அவளை அப்படித்தான் அழைக்கிறது. நீ மடிப்புக்கூடத்தில் நின்றதில்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன். மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகள் ஈரமாக வரும். மேசையின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். விரிப்பின் விளிம்பை இருவருமாகச் சூட்டு உருளையின் வாயில் கொடுப்போம். நான் காலடி மிதியை அழுத்தினால் உருளை இறங்கி விரிப்பை உள்ளே இழுக்கும். நடுவே நீராவி, அவள் முகம் எனக்குத் தெரியாது. இரைச்சலோ காதைப் பிளக்கும். அவ்வளவு பெரிய வாயும் அங்கே ஊமை. ஆகவே, கையை வெளியே எடுத்ததும் மேசையின் இரும்புத்தண்டில் இரண்டு முறை தட்டுவாள். முதல் தட்டு மெல்ல. இரண்டாவதில் அவள் மோதிரம் பட்டு ‘ணங்’ என்று அதிரும். என் இடக்கை தண்டின்மேலேயே இருக்கும். அந்த அதிர்வை நாங்கள் ‘சேதி’ என்போம். சேதி வராமல் நான் மிதிப்பதில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கம்தான் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் விரல்களைக் காத்து வருகிறது.

இப்போது கேள்வி இதுதான். தட்டும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடலாமா என்று பார்க்கிறாள் அக்கா.

"மடிக்கிறதக் கத்துக்கட்டும், வேண்டாங்கல. தட்டுறது உனக்கும் எனக்கும் உள்ள பேச்சு. அத எதுக்கு அவனுக்குக் குடுக்கணும்?"

மேற்பார்வையாளரோ, "எப்பவும் செய்யுற மாதிரியே செய்யுங்கம்மா, நடிக்காதீங்க," என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை

பிப்ரவரி 15

என் உடன்பிறந்தவளுக்கு,

தொண்டை தேறிவிட்டது, வெந்நீரும் குடிக்கிறேன். உன் நலம் என் நலம்.

மறைப்பது அச்சத்தின் வழக்கம். நமக்கு அது வேண்டாம். நாம் எதையும் ஒளிக்கவில்லை என்ற நேர்மையின்மேல்தான் ஒப்பந்தத்தையே நிறுத்தியிருக்கிறேன். நம் உழைப்பின் ஒழுங்கை இயந்திரமும் கற்கட்டுமே! தட்டுவதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். நம்மைப்போலத் தட்டக் கற்ற கை, நம்மைப்போலக் கவனமாகவும் இருக்கும். உன் இணையாளிடம் நான் சொன்னதாகச் சொல்.

என்றும் உன் அண்ணன்

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். சிறிது தூக்கக் குறைவு, அவ்வளவே. நீ வேளைக்கு உண்கிறாயா?

மாப்பிள்ளை வந்துவிட்டான். முகமில்லை, கண்ணில்லை, உடம்புமில்லை. ஒரு தூணிலிருந்து புறப்படும் ஒற்றைக் கை. வாயாடி அக்காவின் முனையில் நிற்கிறது. மிதியை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. பொறுப்பு மனிதக் காலில் இருக்கவேண்டும் என்று சட்டமாம். ஆகவே மிதியில் நான்தான். தண்டிலும் ஒரு கருவியை ஒட்டி, ஒவ்வொரு தட்டையும் பதிவுசெய்கிறார்கள்.

விரிப்பை உதறும்போது அவள் உதறுவதுபோலவே உதறுகிறது. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அவளைப்போலவே விரலால் நீவிப் பார்க்கிறது. வேலை முடிந்ததும் தண்டில் தட்டுகிறது. முதல் தட்டு மெல்ல, இரண்டாவதில் ‘ணங்’. அண்ணா, அந்த இரும்பில் மோதிரம் ஏது? மோதிர விரலை அக்கா சற்றுச் சாய்த்துத் தட்டுவாளாம், அதே சாய்வில் அதன் கணு படுகிறது என்று பொறியாளர் விளக்கினார். அக்கா தன் மோதிரத்தைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று நடந்தது. ஐந்தானால் அக்கா தன் இடது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள், பழைய சுளுக்கு. அன்று ஐந்தடித்ததும் மாப்பிள்ளை வேலையை நிறுத்தினான். இல்லாத இன்னொரு கையின் மணிக்கட்டை, வெறுங்காற்றில், மெல்ல மெல்லத் தேய்த்தான். கூடமே வெடித்துச் சிரித்தது. "ஏய், மாப்பிள்ளைக்குக் கை வலிக்குதாம், தைலம் கொண்டாங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். அது தேய்த்துக்கொண்டே இருந்தது. சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றுபோனது.

அக்காவுக்கு இப்போது புது வேலை. மாப்பிள்ளை கொடுக்கும் விரிப்பில் ஓரம் சுருண்டிருந்தால் கையை நீட்டிச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்தபின், சுருளாவிட்டாலும் பார்த்தபின், அவளும் சேதி தருவாள். ஆக, ஒரு விரிப்புக்கு இரண்டு சேதி.

"மொதல் சேதி அவன். ரெண்டாவது நான். ரெண்டாவது வந்தாத்தான் நீ மிதிக்கணும். எண்ணத் தெரியும்ல?" என்றாள்.

"பதினொன்னு வரைக்கும் தெரியும்க்கா."

"ரெண்டு வரைக்கும் தெரிஞ்சாப் போதும்டி, என் விரலுக்கு."

உன் தங்கை

மே 20

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் கடிதத்தை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். மணிக்கட்டு வலிக்கும் இயந்திரம்! மேடையிலும் சொன்னேன், அவை குலுங்கியது. மனிதரும் இயந்திரமும் ஒரே மேசையில், ஒரே ஒழுங்கில். இதைத்தானே வேண்டினோம்? இரண்டு சேதி என்ற ஏற்பாடு அறிவார்ந்தது. வாயாடிக்கு என் வாழ்த்து.

நன்றாக உறங்கு.

உன் அண்ணன்

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, உன் செருப்பு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள், வழுக்கும்.

என்னைப் பயிற்றுநராக உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாம் கூடத்தில் புதிய கைகள் ஆறு வந்திருக்கின்றன. வாயாடி அக்கா விடுப்பில் இருக்கிறாள். உடம்பு கொஞ்சம் சரியில்லை. வேறொன்றும் புதிதில்லை.

பதிலுக்கு அவசரமில்லை.

தங்கை

ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

எல்லோரும் நலம் என்று தொடங்கினாய். நாலு வரி தாண்டி ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றாய். நேற்று கிளைச் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஜூன் 17, இரண்டாம் மடிப்புக்கூடம், ஒரு பெண்ணின் வலக்கை சூட்டு உருளையில் சிக்கியது என்றார்கள். பெயர் சொல்லத் தயங்கினார்கள். "வாயாடி" என்றதும் எனக்குப் போதுமாயிற்று. உனக்கு இது உடம்பு சரியில்லாமையா?

எப்படி நடந்தது? சேதி வந்ததா? மிதியில் நின்றது யார்?

உடனே எழுது.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

இருபத்தைந்து நாள். ஒரு வரி இல்லை. நோயா, சினமா, எதுவாயினும் நீ நலமாயிருக்க வேண்டும்.

ஆலையின் அறிக்கை தலைமையகத்துக்கு வந்துவிட்டது. அப்படியே தருகிறேன்: ‘உருளை இறங்குமுன் தண்டில் இரண்டு சேதிகள் பதிவாகியுள்ளன. இரண்டாவது சேதி, பாதிக்கப்பட்ட தொழிலாளி தட்டும் முறையோடு முற்றிலும் ஒத்துள்ளது. கையை எடுத்துவிட்டதாக அறிவித்தபின் அவரே மீண்டும் உள்ளே நீட்டியுள்ளார். எனவே இது சொந்தத் தவறு.’

சொந்தத் தவறு என்று உறுதியானால் அவளுக்கு வேலையும் இல்லை, மருத்துவமும் இல்லை, செயற்கை விரல்களும் இல்லை. செப்டம்பர் 12 விசாரணை.

அறிக்கையின் கீழே நேரில் கண்டவர் ஒப்பம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கையெழுத்தின் கடைசிச் சுழியை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பேன். அது உன்னுடையது.

அண்ணன்

ஆகஸ்ட் 19

அண்ணனுக்கு,

உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் இரு கடிதங்களும் கிடைத்தன, தலையணைக்கடியில் இருக்கின்றன.

ஞாயிறன்று அக்காவின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். பெருவிரல் மட்டும் தனியாக நிற்கிறது. அந்த வீட்டில் கடிகாரம் ஓடும் ஓசையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு ஐந்தடித்தது. இடது மணிக்கட்டைத் தேய்க்க வலக்கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அங்க இப்ப தேய்ச்சுக்கிட்டிருக்குமா?"

நான் தலையசைத்தேன்.

"என்ன கூத்து பாரு. நான் வீட்டுல கெடக்கேன். என் கை மட்டும் ஒரு நாளும் லீவு போடாம வேலைக்குப் போயிட்டிருக்கு."

சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மூன்றாம் கூடத்தின் ஆறு கைகளுக்கும் அவள் கையைத்தான் ஊட்டியிருக்கிறார்கள். அதுவே நன்கு பழகிய கையாம். ஆறும் ஒரேபோல உதறுகின்றன, ஒரேபோலத் தட்டுகின்றன. ஐந்து மணிக்கு ஆறும் ஒன்றாக நின்று காற்றைத் தேய்க்கின்றன. இப்போது யாரும் சிரிப்பதில்லை; அந்த நேரத்தில் பெண்களும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். நேற்று, சுளுக்கே இல்லாத புதுப்பெண் ஒருத்தி தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டேன். "தெரியலக்கா, தேய்க்கணும்போல இருந்துச்சு," என்றாள்.

பேருந்தில் போகும்போது எங்கள் ஆலைப் பெண்கள் இறங்குமுன் கம்பியில் இரண்டு முறை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். கதவைத் திறக்குமுன், குழந்தைக்குச் சோறு வைக்குமுன். தட்டாவிட்டால் எங்கோ எவருடைய கையோ உள்ளே இருப்பதுபோல் இருக்கிறது.

வெந்நீர் குடி.

தங்கை

ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

எல்லாம் எழுதினாய். கேட்டதை மட்டும் எழுதவில்லை.

நான் சங்கத்துக்காகக் கேட்கவில்லை. உன் அண்ணனாகக் கேட்கிறேன். மிதியில் இருந்தது யார் கால்?

அண்ணன்

செப்டம்பர் 8

அண்ணா,

என் கால்.

நலம் கேட்டுத் தொடங்க எனக்கு இன்று வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்.

அன்று காலை பதினொன்றரை மணி. மாப்பிள்ளை விரிப்பைக் கொடுத்துத் தட்டினான். முதல் சேதி, எண்ணிக்கொண்டேன். ஓரம் சுருண்டிருந்திருக்க வேண்டும், அக்கா கையை நீட்டியிருக்கிறாள். நீராவியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் காத்திருந்தேன். மறுபடி தண்டு அதிர்ந்தது. மெல்ல ஒன்று, பிறகு ‘ணங்’. இரண்டாம் சேதி. ஒன்பது ஆண்டுகளாக என் உள்ளங்கை அறிந்த அதிர்வு, அண்ணா. அவளேதான் என்று மிதித்தேன்.

விரிப்பு நழுவியிருக்கிறது. மாப்பிள்ளை அதை மீண்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் தட்டியிருக்கிறான். கொடுத்தால் தட்டவேண்டும் என்று கற்றிருக்கிறான். எதற்காகத் தட்டுகிறோம் என்பது கையுறைக்குள் போகவில்லை.

அந்த இரைச்சலிலும் அவள் அலறல் கேட்டது. மிதியிலிருந்து காலை எடுத்தேன். உருளை உடனே மேலே போகாது, சில நொடி பிடித்தே இருக்கும். என் இடக்கை இன்னும் தண்டின்மேல் இருந்தது. இப்போது எழுதப்போவதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

அவள் கை உருளைக்குள் இருக்கும்போதே, தண்டு மூன்றாம் முறை அதிர்ந்தது. மெல்ல ஒன்று. பிறகு ‘ணங்’. கை வெளியே வந்துவிட்டது, மிதி என்று, அவளுடைய தட்டில் எனக்குச் சேதி வந்தது.

அந்த மூன்றாம் சேதி பதிவில் இருக்கிறது. மேற்பார்வையாளர் அறையில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. "மூணாவதத் தட்டுனது யாரு சார்? அவ கை உள்ள இருந்துச்சே," என்றேன். பதிவை நிறுத்தினார். "உருளை இறங்குனதுக்கு அப்புறம் வர்றது அறிக்கைக்கு வேண்டாம்மா. நல்லா யோசிச்சுக்க. மிதிச்சது நீ. அவ தட்டலன்னு சொன்னா, தட்டாமலே நீ மிதிச்சேன்னு ஆகும்," என்றார். கையெழுத்திட்டேன். பயிற்றுநர் வேலையை அன்று மாலையே தந்தார்கள்.

இதை நேற்று அக்காவிடம் சொன்னேன். வைவாள், அடிப்பாள் என்று எண்ணினேன்.

"நான் தட்டலடி. தட்டவே இல்ல. ஆனா அவுங்க அவ்வளவு உறுதியாச் சொன்னப்ப, ஒருவேள தட்டிட்டேனோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்," என்றாள். பிறகு, தன் பெருவிரலால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணையில் உண்மையைச் சொல்லப் போகிறேன். என் வேலை போகும், வழக்கும் வரலாம். அஞ்சுகிறேன். ஆனால் இன்று மூன்றாம் கூடத்தில் ஆறு மேசைகள். ஆறு மிதிகளிலும் ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் அவள் கையே சேதி தருகிறது. நீ வா. வரும்போது எல்லாக் கடிதங்களையும் கொண்டுவா. உன்னுடையவற்றையும்.

தங்கை

உழைப்பாளிகளே! கடிதங்கள் முடிந்தன.

தட்டுவதையும் கற்றுக்கொடுங்கள் என்று எழுதியவன் யார்? நான்! அந்தக் கூடத்தில் ஒரு நாளும் நிற்காதவன். அந்தத் தண்டில் ஒருமுறையும் கை வைக்காதவன். ‘உனக்கும் எனக்கும் உள்ள பேச்சு’ என்று அவள் காக்க நினைத்ததை, நேர்மை என்று பெயர் சூட்டிப் பறித்துக் கொடுத்தவன் நான். அந்த வரியை நான் எரித்திருக்கலாம். எரிக்கவில்லை, அதையும் விசாரணை மேசையில் வைக்கிறேன். மணிக்கட்டைத் தேய்க்கும் இயந்திரத்தைச் சொல்லி மேடையில் சிரிப்பு வாங்கினேனே, அந்தச் சிரிப்புக்கும் இன்று உங்கள்முன் தலைகுனிகிறேன்.

அதோ, வாயிற்கம்பத்தின் அருகே நிற்கிறாள் என் தங்கை. பக்கத்தில் நிற்பவளை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருவரும் இன்னும் சற்று நேரத்தில் அந்த அறைக்குள் போவார்கள். இருவருக்கு எதிரே அங்கே ஓர் ஆலையே அமர்ந்திருக்கும். நீங்கள் வழக்கம்போல் மிதித்துக்கொண்டிருந்தால் அவர்கள் சொல் எடுபடாது.

பணிமணி ஒலிக்க இன்னும் நான்கு நிமிடம். அடுத்து வரும் கைகளுக்காக உங்களுக்கு மாட்டிவிட்ட கையுறைகளைக் கழற்றுங்கள்! இதோ, இந்த வாயிற்படியில் குவியுங்கள். குவித்துவிட்டு உள்ளே போங்கள், உங்கள் இடத்தில் நில்லுங்கள். அந்தப் பதிவு வெட்டப்படாமல், மூன்றாம் சேதியும் சேர்த்து, விசாரணை அறையில் எல்லோர் காதிலும் விழும்வரை ஒரு காலும் மிதியில் படக்கூடாது.

உள்ளே அவை தட்டும். உங்கள் உள்ளங்கை அறிந்த தட்டாகவே இருக்கும். கை வெளியே வந்துவிட்டது, மிதி என்று, உங்கள் தோழியைப்போலவே உங்களை அழைக்கும்.

மிதிக்காதீர்கள்!